குடும்பச் சந்திப்பு அறை

"ஒரு மனுஷனைத் திருத்துறது கம்பியில்ல, சுவரில்ல. குடும்பம்" என்றார் சிறை அதிகாரி.

கேட்டவர்கள் மெய்சிலிர்த்திருக்க வேண்டிய நேரம். அதற்குள் பத்திரிகை போட்டோகிராபர், "சார், மைக் மூஞ்சிய மறைக்குது. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றுவிட்டார். குடும்பத்தின் பெருமை இரண்டாம் முறையும் சொல்லப்பட்டது.

சிறையில் அன்று புதிய குடும்பச் சந்திப்பு அறை திறப்பு. நடுவில் கண்ணாடித் தடுப்பு இல்லை. ஒரு சோபா, கொஞ்சம் பிளாஸ்டிக் பூ, ஜன்னலுக்கு நீலத் திரை. திரையைத் தைத்தவன் சிறைத் தையல்கூடத்துக் கைதி. முதல் சந்திப்பும் அவனுக்கே என்று முடிவாகியிருந்தது. சோபாவின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவள், மடியில் கைப்பையோடு.

"எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கியே. கையப் பிடி. ஏதாவது பேசு" என்றார் அதிகாரி.

தையல்காரன் உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தான். நான்கு வருடமாகக் கண்ணாடிமேல்தான் கை வைத்திருக்கிறான். கைக்குச் சூடு உண்டு என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"தோள்ல தையல் விட்டிருக்கு" என்றான்.

"கடையில வாங்கினது."

"நான் வெளிய இருந்தா கடைத்துணி போட விடுவேனா?"

அவள் சிரித்துவிட்டாள். கேமரா அதற்காகத்தான் காத்திருந்தது.

"மழைக்கு அடுப்பங்கரை ஒழுகுமே..."

"ஓடு மாத்தியாச்சு."

"சின்னவ இன்னும் விரல் சூப்புறாளா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "விட்டுட்டா. இப்ப உங்க பேர எழுதப் பழகுறா."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றவன், "சொல்லு" என்று திருத்திக்கொண்டான்.

"சம்சாரத்துக்கே 'ங்க' போடுறாரு பாருங்க. எங்க வீட்டுல இதக் கத்துக்கிறதுக்காகவே என்னை ஒரு வருஷம் உள்ள அனுப்பிடுவாங்க" என்றார் போட்டோகிராபர். அதிகாரி சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

அவள் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "உங்க பேர எழுதப் பழகுறா. முதல் எழுத்து நல்லா வருது. ரெண்டாவதுதான் கவுந்து விழுது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கவிழ்ந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. படம் நன்றாக வந்தது.

"நாளைக்கு முதல் பக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போட்டோகிராபர் கிளம்பினார். அவருடைய வண்டிச் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

"சரி, நீ எந்திரிம்மா" என்றார் அதிகாரி. "டைப் பண்ண வேண்டிய கடுதாசியெல்லாம் மேசையில அப்படியே கிடக்கு."

அவன் விடாமல் பிடித்திருந்த கையை அவள் மெல்ல உருவிக்கொண்டாள். கைப்பையிலிருந்து அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.

தையல்காரனின் மனைவி காலை ஏழு மணியிலிருந்து குழந்தையோடு வெளிக்கேட்டில் நின்றிருந்தாள். திறப்பு விழாவை முன்னிட்டு அன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.