எதுக்கு ரெண்டு கிட்டார்?

எல்லாக் கேள்வியையும் அவன்கிட்டேதான் கேட்க வேண்டுமா? கட்டின புருஷன் இங்கே குத்துக்கல்லாட்டம் நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?

உள்ளுக்குள் பொருமிக்கொண்டே ஒயரைச் சுருட்டினான் பேஸ் கிட்டார்காரன்.

டயர் கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில்தான் அவர்களுடைய ராக் குழு வாரா வாரம் பயிற்சி செய்யும். மற்ற நாளில் அவன் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், ஒரு மாதமாகக் கடையை விட்டதும் நேரே இங்கே வந்துவிடுகிறாள். வந்தவள் புருஷன் பக்கத்தில் உட்கார வேண்டியதுதானே? சுருட்டை பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

சுருட்டை, லீட் கிட்டார் வாசிப்பவன். தலைமுடியால் வந்த பெயர். மேடையில் விளக்கெல்லாம் அவன் மேல்தான் விழும். விசிலெல்லாம் அவனுக்குத்தான். அதையெல்லாம் இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாயிற்று. இப்போது இதையுமா?

"காலால மிதிக்கிறீங்களே தம்பி, அந்தப் பெட்டி எதுக்கு?"

"சத்தத்தைக் கரகரன்னு ஆக்குறதுக்கு அண்ணி."

"நல்லா இருக்கிற சத்தத்தை எதுக்குக் கெடுக்கணும்?"

சுருட்டை விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒயர் இவன் கையில் சிக்கலாகிப் போனது. தம்பியாம் தம்பி!

"ராக்குன்னா கத்தித்தான் பாடணுமா? அப்புறம், எதுக்கு ரெண்டு கிட்டார்? ஒண்ணு போதாதா?"

இவன் அவர்கள் பக்கத்தில் வந்தான். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கைப்பைக்குள் எதையோ துழாவினாள்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேவிட்டான்.

"ராக்கைப் பத்தித் தெரியணும்னா என்கிட்டே கேக்கறது?"

"நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள கிடந்துட்டு வர்றீங்க. உங்களைப் போய் ஏன் படுத்தணும்?"

சொன்னவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பயந்து எப்போதும்போல ஒயரைச் செருகாமலே கிட்டாரைக் கொஞ்ச நேரம் தடவிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் இன்னும் மோசம். டீ வாங்கிக்கொண்டு திரும்பினால், இரண்டு பேரும் ஒரே இயர்போனில். ஒரு முனை அவன் காதில், மறு முனை இவள் காதில்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க அண்ணி. இப்ப வரும் பாருங்க..."

கண்ணை மூடியிருந்த அவள் முகம் மெல்ல மலர்ந்தது. "அய்யோ, ஆமா!"

இவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, டீ கொட்டுது," என்றான் டிரம்ஸ்காரன்.

ஒன்றைத் தொட்டு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. நிகழ்ச்சிகளில் சத்தம் தாங்காது என்று எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். ஆனால் ஒரு பாட்டின் நடுவே, சுருட்டை தனியாக வாசிக்கிற இடம் வந்தால் போதும், எழுந்து நின்று தட்டுவாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்வாள். ரசனை என்று நினைத்தானே, மடையன்!

அடுத்த நிகழ்ச்சியோடு குழுவுக்கும் கும்பிடு, கிட்டாருக்கும் கும்பிடு என்று முடிவு செய்தான்.

நிகழ்ச்சி அன்றைக்கு மேடைக்குப் பின்னால் சுருட்டையிடம் சொல்லியும்விட்டான்.

"இன்னியோட சரி. நாளைலேர்ந்து வேற ஆளைப் பாத்துக்கோ."

"ஏண்ணே?"

"ஏன்னு உனக்குத் தெரியாது?"

சுருட்டையின் முகம் சுண்டிப் போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், விழுங்கிக்கொண்டான்.

"இன்னிக்கு ஒரு நாள் மனசு விட்டு வாசிங்கண்ணே. அப்புறம் உங்க இஷ்டம்."

மேடை ஏறினால், அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்! பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாக்கும், என்று கறுவிக்கொண்டான்.

அந்தப் பாட்டு வந்தது. சுருட்டை வெளுத்து வாங்கினான். விசில் காதைப் பிளந்தது. இவன் ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கைகள் மடியிலேயே கிடந்தன.

அடுத்தது இவன் இடம். மற்ற எல்லாரும் நிறுத்திவிட, பேஸ் மட்டும் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு கொஞ்ச தூரம் தனியாகப் போகும். ஜனங்கள் இருமுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் அது.

அவள் எழுந்து நின்றாள். தட்டினாள். அத்தனை பெரிய அரங்கில் அவள் ஒருத்தி மட்டும் தட்டினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவன் விரல் ஒரு கம்பியைத் தவறவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவளை மாடிப்படியில் மடக்கிவிட்டான்.

"ஊரே சும்மா இருக்கும்போது எதுக்குடி எழுந்து தட்டினே? மானம் போச்சு. எப்பவும்போல அவனுக்குத் தட்ட வேண்டியதுதானே?"

அவள் கண் கலங்கிவிட்டது.

"போன மாசம் அந்தத் தம்பியைக் கடைத்தெருவுல பாத்தேங்க. 'அந்தப் பாட்டுல நடுவுல எங்க வீட்டுக்காரர் என்னை அழவெச்சுடறார்'னு பெருமையாச் சொன்னேன். 'அண்ணி, அது நான்'னுது."

"என்னது?"

"ரெண்டு பேர் கையிலயும் கிட்டார். ரெண்டு பேர் விரலும் ஓடுது. கடைசி வரிசையில இருந்து எனக்கென்ன தெரியும்? இத்தனை வருஷமா நீங்கன்னு நெனச்சு அந்தத் தம்பிக்குத் தட்டியிருக்கேன். 'உங்க சத்தம் எதுங்க'ன்னு உங்ககிட்டேயே நான் எப்படிங்க கேப்பேன்?"