இன்னொரு தராசு

ஹெலிகாப்டர் வருவதற்கு முன் மூட்டை முடிச்சுகளை மட்டுமல்ல, ஆட்களையும் எடை போட்டு விமானிக்குச் சொல்ல வேண்டும். வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டு தீவுகளில் அதுதான் வழக்கம். பனிக்கரடிக் காவலுக்கு வந்த நான் எண்பத்து நான்கு கிலோ. கற்பெட்டிகளுக்கும் தராசு சரியாகவே காட்டியது. இந்தத் துருவ மண்ணை வைத்துச் செவ்வாயை ஆராயும் தோர்டிஸ் கடைசியாகத் தராசில் ஏறினாள். இருபத்து மூன்று.

"சனியன் பிடிச்ச தராசு!" பேட்டரியை மாற்றினாள். அதே இருபத்து மூன்று.

"செவ்வாயில நின்னா இவ்வளவுதான் இருப்பேன்னு நீதானே சொன்னே?" என்றேன்.

"கடுப்பேத்தாத, ஐவர். கணக்கு இடிச்சா அந்த ஆளு என் கல்லைத்தான் இறக்கிவிடுவான். ஒரு கோடை முழுக்க உழைச்சிருக்கேன்."

மேட்டுக் கூடாரத்தில் இருக்கும் இன்னொரு தராசை எடுத்துவர, வாக்கி டாக்கியில் புலம்பிக்கொண்டே போனாள்.

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் அவளைக் கூப்பிடப் போனேன். ஈர மண்ணில் அவள் காலடிகள் தெரிந்தன. முதலில் சாதாரண நடையின் இடைவெளி. பிறகு ஓர் ஆள் நீளம். பிறகு ஒரு கூடாரத்தின் நீளம். கடைசித் தடத்தில் முன்பாதம் மட்டும் பதிந்திருந்தது. அதற்கப்பால் மண் கலையாமல் கிடந்தது.

என் இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் அவள் இன்னும் தராசைத் திட்டிக்கொண்டிருந்தாள்.