நாலு ரப்பர் கட்டைகள்

"என் சவாரிப் படகுக்கு பேட்டரி மோட்டார். அண்ணனோட சரக்குப் படகுக்கு அந்த டீசல் இன்ஜினே போதும்" என்றார் தம்பி.

படகு இன்ஜின் கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

காலையிலிருந்து மூன்று படகுகளை ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தார். பெட்ரோல் இன்ஜின் படகின் பின்பக்கம் தொங்கும். நல்ல வேகம், ஆனால் பெட்ரோலைக் குடித்தே தீர்த்துவிடும். பேட்டரி மோட்டார் பூனை மாதிரி, சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. ஒரு சார்ஜுக்கு நாலு மணி நேரம். டீசல் இன்ஜின் படகுக்குள்ளேயே உட்காரும். செலவு குறைவு, ஆனால் உதறுகிற உதறலில் பல் ஆடும்.

அண்ணன் மூன்றிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். பேட்டரிப் படகில் மட்டும் ரெண்டு தடவை திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். மற்றபடி வாயே திறக்கவில்லை.

"அவருக்கும் பேட்டரியே போடலாமே சார். வயசானவர். நாள் பூரா அந்த உதறல்ல உட்கார்ந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"அதெல்லாம் தாங்குவார். திங்கட்கிழமைக்குள்ள மாட்டிக் குடுங்க. இல்லேன்னா அக்கரைக்குச் சரக்கு கொண்டுபோற வேலை வேற ஆளுக்குப் போயிடும்."

சொகுசுக்குத் தம்பி, உதறலுக்கு அண்ணனா? கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"சரி, இன்ஜினுக்கு அடியில நாலு ரப்பர் கட்டை வச்சுத் தர்றேன். முக்கால்வாசி உதறல் அடங்கிடும்."

"ரப்பர் வேண்டாம்."

"சும்மாதான் தர்றேன், சார்!"

"சும்மா குடுத்தாலும் வேண்டாம். நேரா பலகையிலேயே வச்சு போல்ட்டை முறுக்குங்க."

இதற்கு மேல் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. நாலடி தள்ளி, தண்ணீரைப் பார்த்தபடி நின்ற அண்ணனை நோக்கிக் குரலை உயர்த்தினார்.

"ஐயா! கூடப் பிறந்தவர் பண்ற நியாயத்தைப் பார்த்தீங்களா? நீங்களாவது வாயைத் திறந்து கேளுங்களேன்!"

அண்ணன் திரும்பவே இல்லை.

தம்பி பதறிப்போய்க் கடைக்காரரின் கையைப் பிடித்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளியில சொல்லிடாதீங்க, ஒருத்தரும் சரக்கு ஏத்த மாட்டாங்க. போன வருஷக் காய்ச்சல்ல அண்ணனுக்கு ரெண்டு காதும் போயிடுச்சு. இன்ஜின் ஓடுதா, நின்னுடுச்சான்னு அவருக்குச் சொல்றது இப்ப உள்ளங்கால் மட்டும்தாங்க."