விமான நிலையத்தில் ஓர் அறை

“கடை வைக்க இடம் வேணும்னா நேராக் கேளுங்க அக்கா. அறை, அறைன்னு ஏன் சுத்தி வளைக்கறீங்க?” என்றான் லுகாசி.

மியாலியா வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கடை யாருக்கு வேணும்? நான் கேட்டது அறை.”

லுகாசிக்கு அலுத்துவிட்டது. அந்த வடகோடி ஊரின் விமான நிலையத்தை அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் சேர்ந்து புதிதாகக் கட்டப்போகின்றன. கட்டி முடித்து முப்பது வருஷம் நடத்தப்போவது கம்பெனிதான். அதன் உள்ளூர் அதிகாரி அவன். அண்மையில்தான் வேறு ஊரிலிருந்து இந்த வேலைக்கு வந்திருந்தான். ஊர்க்குழுத் தலைவி மியாலியா கையெழுத்துப் போட்டால்தான் இரும்பும் கண்ணாடியும் கோடைக் கப்பலில் ஏறும். கப்பலைத் தவறவிட்டால் கடல் உறைந்துவிடும். பிறகு அடுத்த கோடைதான்.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை, பலகைகளில் ஊர் மொழி என்று மற்றதையெல்லாம் அவள் பேசி வாங்கியாயிற்று. இந்த ஓர் அறையில்தான் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது. ஓடுபாதைப் பக்கம் இரட்டைக் கதவு வேண்டும். சுவரோரம் பெஞ்சு வேண்டும். உள்ளே நல்ல சூடு இருக்க வேண்டும். ஜன்னல் கூடாது. எதற்கு என்று கேட்டால், “உட்கார்றதுக்கு” என்பாள்.

அவள் சீல் என்கிற கடல்நாயின் தோலில் கையுறை தைத்து விற்பவள். இலவசமாகக் கடை பிடிக்கப் பார்க்கிறாள் என்றார் மேலதிகாரி. தெற்கே படிக்கிற மகளுக்குக் கரிபு மான் இறைச்சி அனுப்பக் கிடங்கு கேட்கிறாள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள்.

லுகாசி இறங்கி வந்தான். பயணிகள் வெளியே வரும் வழியிலேயே கடை தருவதாகவும், வாடகைகூட வேண்டாமென்றும் சொல்லிப் பார்த்தான்.

“ஜனம் வர்ற வழியே வேண்டாம் தம்பி. ஒதுக்குப்புறமாக் கொடு.”

“ஒவ்வொரு சதுர அடியையும் முப்பது வருஷம் நாங்க சூடேத்தணும் அக்கா. தெற்கே தலைமை அலுவலகத்துல ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப கப்பல் போகட்டும். பழைய கட்டடத்துலயே இன்னொரு குளிர்காலம் ஓட்டுவோம். நமக்கென்ன, பழக்கம்தானே.”

அவள் குரல் உயரவேயில்லை. பேனாவை மூடி அவன் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கினாள்.

லுகாசி அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினான். தெற்கே போன் போட்டுக் கெஞ்சினான், சண்டை போட்டான், மறுபடி கெஞ்சினான். வெளியே வந்தபோது வேர்த்திருந்தது.

“கிடைச்சிடுச்சு. பெரிய மனுஷங்க உட்கார்ற அறையைப் பாதியா வெட்டிட்டேன்.”

மியாலியா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். லுகாசிக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

“இப்பவாவது சொல்லுங்க. கதவு மேல என்ன பேர் எழுதறது?”

“பேரெல்லாம் வேண்டாம். ஆறு பேர் சேர்ந்து தூக்கிட்டு வர்ற அளவுக்கு அகலம் இருந்தாப் போதும்.”

“அவ்வளவு பெரிய கரிபுவா?” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

“என் வீட்டுக்காரர் தெற்கே ஆஸ்பத்திரிக்குப் போனாருப்பா. திரும்பி வந்தப்ப, சரக்குக் கொட்டகையில டயருக்கும் நாய்த்தீனி மூட்டைக்கும் நடுவுல நின்னுதான் அவரை வெச்சிருந்த பெட்டியை வாங்கினேன்.”