குணலட்சுமி தின்ற பழஞ்சோறு

சோமசேகரம் வாத்தியார் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலிருந்து சுன்னாகம் வரைக்கும் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தது வெங்காயம் வாங்க அல்ல. பெண்கள் அழுவதைக் கேட்க.

வாரப் பத்திரிகையில் அவர் எழுதும் தொடர்கதையை, சுன்னாகத்தில் ஒரு வெங்காயக் கொட்டிலில் சனிக்கிழமை தோறும் பத்மாசினி என்ற பெண் உரக்க வாசிப்பாளாம். அங்கே எழுத்தறிந்தவள் அவள் ஒருத்திதான். வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருக்கும் மற்றப் பெண்கள் கேட்டுக் கேட்டுக் கண்ணீர் விடுவார்களாம். பத்திரிகை விற்கும் ஏரம்பு சொன்ன சேதி இது. வெங்காயத்தோடு உட்கார்ந்தால் யாருக்கும் கண்ணீர் வரும் என்பது வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

கதாநாயகி குணலட்சுமி. புருஷன் மலாயாவில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்த, இங்கே ஊர்ப் பழியையெல்லாம் தலையில் சுமப்பவள். எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். குறையே இல்லாத பெண்ணைப் படைத்துவிட்டால் எல்லோரும் அவளை நேசித்தே தீரவேண்டும் என்பது வாத்தியாரின் கணக்கு. இந்த வாரம் அவளைக் கிணற்றில் விழுத்தியிருந்தார். எழுதும்போது அவரே விம்மினார்.

கிடுகு வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"குணலட்சுமி கிணற்றுக் கட்டின்மேல் ஏறினாள். சிவனை நினைத்தாள். கண்ணை மூடினாள்..."

கணீரென்ற குரல். அடுத்த வரி வாத்தியாருக்கு மனப்பாடம்: 'அந்த உத்தமியைக் கிணறு தன் மடியில் ஏந்திக்கொண்டது.' அழுகைக்காகக் காத்திருந்தார்.

"கண்ணைத் திறந்தாள்" என்று வாசித்தாள் பத்மாசினி.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"'சீ, இது நாலு வீடு குடிக்கிற தண்ணி. அந்த மனுசன் செய்த வேலைக்கு நான் ஏன் இதை நாசமாக்கவேணும்?' எண்டு இறங்கினாள். ஒரு வாளி அள்ளி முகத்தைக் கழுவினாள். வீட்டை போய், சட்டியிலை கிடந்த பழஞ்சோத்தை வெங்காயத்தைக் கடிச்சுக் கடிச்சுத் திண்டாள். பேந்து மலாயாவுக்குக் கடிதம் போட்டாள். 'நீர் அங்கையே இரும். இஞ்சை வந்தால் படலை பூட்டியிருக்கும்!'"

கொட்டிலே கொல்லென்று சிரித்தது.

"அப்பிடிப் போடு!" என்றாள் ஒருத்தி. "இவ்வளவு நாளும் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிஞ்சவள். இண்டைக்குத்தானடி எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு."

"எங்களோடை வெங்காயம் அறுக்க வரட்டும். நாங்கள் பாப்பம் அவளை" என்றாள் இன்னொருத்தி.

எட்டு மாதம் எழுதியும் வாத்தியார் குணலட்சுமியின் முகத்தைக் கண்டதில்லை. இப்போது கண்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட, வாய் நிறையச் சோற்றோடு, கோபமும் சிரிப்புமாக ஒரு பெண். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவள் எங்கேயிருந்து வந்தாள்? தன்னால் ஏன் இப்படி ஒருத்தியைப் படைக்க முடியவில்லை?

பிரமித்து நின்றவருக்குக் கொஞ்ச நேரத்தில் கோபம் திரும்பிவந்தது. வாத்தியார் அல்லவா? வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் போனார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். நான்தான் உந்தக் கதை எழுதின சோமசேகரம். நீர் வாசிச்சது உந்தப் பேப்பரிலை எந்தப் பக்கத்திலை கிடக்கு?"

எழுந்து வந்த பத்மாசினியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயா, மெல்லக் கதையுங்கோ."

"ஏன் மெல்ல? நான் எழுதினதை மாத்த உமக்கு ஆர் உரிமை தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. பிழைதான்."

"அவளை நினைச்சுச் சனம் அழவேணும் எண்டு எழுதினனான்!"

"ஒவ்வொரு கிழமையும் அழுததுகள்தான் ஐயா. அதுதான் எனக்குப் பயமாய்க் கிடந்தது."

அவர் வாயைத் திறப்பதற்குள், கொட்டில் வாசலுக்கு ஒரு மெலிந்த பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். மடியில் வெங்காயத் தாள் ஒட்டியிருந்தது.

"அக்கா, வாற கிழமையும் குணலட்சுமி இருப்பாளோ?"

பத்மாசினி வாத்தியாரையே பார்த்தாள். கைகூப்பாத குறை.

"இருப்பாள், பிள்ளை" என்றார் வாத்தியார். அச்சேறிய கதையில் செத்தவளை எப்படி எழுப்புவது என்று அவருக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெண் சிரித்தாள். திரும்பிப் போய்க் கத்தியை எடுத்துத் தாள் அறுக்கத் தொடங்கினாள்.

"ஒரு கதையிலை உந்தப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டார் வாத்தியார்.

பத்மாசினி குரலைத் தாழ்த்தினாள்.

"சின்னத்தங்கம் ஐயா. அவளின்ரை புருஷனும் மலாயாவிலைதான், அங்கை ஒருத்தியோடை. போன கிழமை கிணத்துக்குள்ளை விழுந்திட்டாள். நாங்கள்தான் தூக்கி எடுத்தது. எடுத்த நேரம் தொட்டு ஒரே சொல்லுத்தான். 'குணலட்சுமி என்ன செய்யிறாளோ, அதைத்தான் நானும் செய்வன்.'"

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின் மேல் பழி போட வழியில்லை.

பிறகு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கொட்டில் ஓரத்தில் கிடந்த வெங்காயச் சாக்கில், மாணவன் மாதிரி அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"அவளை நீங்கள் எப்பிடித் தூக்கினனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லும், பிள்ளை. வாற கிழமை குணலட்சுமியையும் நான் வெளியிலை எடுக்கவேணும்."