பன்னிரண்டாம் தொகுதி, 211-ஆம் பக்கம்

"அந்தக் கட்டுரை கிடைக்கலேன்னா நாளைக்கு வைவாவுல என் மானம் கப்பலேறிடும் மேடம்!"

நூலகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதிரே நின்றவரைப் பார்த்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் கசங்கிய துண்டுச் சீட்டு. வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் நரைத்த தலையோடும் வருவார்கள். வாய்மொழித் தேர்வு நெருங்கினால் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான்.

"முதல்ல உக்காருங்க சார். எதைப் பத்தின கட்டுரை?"

"எலியோட மூளை. பகல்ல ஓடிப் பழகின பாதையை, தூங்கும்போது அது மறுபடி ஓட்டிப் பாக்குதாம். அந்த இதழ் எப்பவோ நின்னுபோச்சு. இணையத்துலயும் இல்ல."

சீட்டில் 'தொகுதி 12, பக்கம் 211' என்றிருந்தது. இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். பன்னிரண்டாம் தொகுதி சுலபமாகவே கிடைத்தது. ஆனால் 211-ஆம் பக்கத்தில் எலியைக் காணோம். தவளையின் கண் இருந்தது.

வந்தவர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"பதினாலு பேர் இதையே மேற்கோள் காட்டியிருக்காங்க மேடம்!"

"ஒருத்தராவது புரட்டிப் பாத்தாங்களா?"

"எங்கே! முன்னாடி போற ஆடு போன வழியிலதான் மந்தையே போகும். நானும் மூலத்தைப் பாக்காமதான்..." அவர் தொகுதியை மூடி வைத்தார். "அப்படி ஒரு கட்டுரையே இல்லேன்னா, இல்லாததை எழுதினவன்னுதானே சொல்லுவாங்க?"

நூலகருக்குப் பாவமாக இருந்தது.

"கை தவறி எண் முன்னே பின்னே மாறியிருக்கும் சார். இருபத்தொண்ணைப் பாத்திடுவோம்."

இருபத்தொன்று அதன் இடத்தில் இல்லை. அலமாரி அலமாரியாகத் துழாவி, கடைசியில் பைண்டிங்குக்குப் போகக் கட்டி வைத்திருந்த மூட்டையிலிருந்து அதை உருவினார் நூலகர். அட்டை கையோடு வந்தது. தும்மிக்கொண்டே 211-ஆம் பக்கத்தைப் பிரித்தார்.

எலி! ஓடிய பாதையின் படம், தூக்கத்தில் மூளை துடித்த கோடுகள், எல்லாம் இருந்தன.

வந்தவர் அந்தப் பக்கத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு பெரிதாக மூச்சு விட்டார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மேடம். இன்னிக்குத்தான் தூக்கம் வரும்."

நகலெடுத்துக் கொடுத்துவிட்டு வாசல் வரை வந்தார் நூலகர். "தைரியமாப் போங்க சார். கேள்வி கேக்கறவர் என்ன புலியா, சிங்கமா? தப்பு நடந்திருந்தா நடந்துபோச்சுன்னு ஒத்துக்குங்க. அவரும் மனுஷர்தானே!"

"கேள்வி கேக்கப் போறவனே நான்தான் மேடம்" என்று அசடு வழியச் சிரித்தார் அவர். "வைவாவுக்கு வர்ற பொண்ணு, 'சொன்ன இடத்துல இப்படி ஒரு கட்டுரையே இல்லை, முதல் தப்பு இந்தப் புத்தகத்துலதான்'னு ஆய்வேட்டுல எழுதியிருக்கா. அந்தப் புத்தகத்தை எழுதினது நான்!"