உள்ளங்கைச் சூடு

மழை விட்ட புழுக்கம் ஆய்வுக்கூடத்தில் கனத்து நிற்கிறது. ஆலைப் புகையின் கரியமில வாயுவைப் பிடிப்பதற்காக, ஆராய்ச்சி மாணவி உலையில் சுட்டு, பொட்டு ஈரமில்லாமல் ஜாடியில் அடைத்து வைத்திருந்த சியோலைட் மணிகளை இயக்குநர் புகைப்படத்துக்காகத் தட்டில் கொட்டியிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் அவை வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன. கூடத்தைப் பார்க்க வந்த விருந்தாளி வேர்த்த கையால் ஒரு பிடி அள்ளுகிறார். "அட, சூடாகுதே!" "பாத்தீங்களா, எப்படி வேலை செய்யுதுன்னு!" என்று இயக்குநர் பூரிக்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். வாசலில் வந்து நிற்கும் மாணவி விருந்தாளியிடம் சொல்கிறாள். "அது உங்க வேர்வையைக் குடிக்குது சார், அதான் சூடு. அதுல இருக்கிற நுண்ணிய ஓட்டையெல்லாம் தண்ணியால ரொம்பிட்டா, வாயு எங்க போய் உக்காரும்?" இயக்குநர் பக்கம் திரும்புகிறாள். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?" புகைப்படக்காரர் கேமராவைத் தூக்குகிறார். "மேடம், நீங்களும் ஒரு பிடி அள்ளிட்டு சிரிங்க." அவள் காலி ஜாடியை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்கிறாள்.